முதலில் விளக்கு, பிறகு விலங்கு

தாடி ஓணான் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து, "என்ன சாப்பிடும்?" என்று கேட்கிறார்கள். கடிக்குமா, எவ்வளவு பெரிதாக வளரும், எத்தனை வருடம் இருக்கும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். "இதற்கு வெயிலுக்கு என்ன செய்வது?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வர வேண்டியது அதுதான். தீனியில் ஒரு நாள் குறை வைத்தால் மறுநாள் சரிக்கட்டிவிடலாம். வெளிச்சத்தில் வைக்கும் குறை வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் எலும்பைக் கரைக்கும். தெரியவரும் நேரத்தில் தாடை வளைந்திருக்கும்.

விளக்கையும் வெப்பத்தையும் பலர் கூண்டோடு சேர்த்து வாங்கும் உபரிச் சாமான்களாக நினைக்கிறார்கள். கையில் காசு இருக்கும்போது பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் அவை இல்லாத கூண்டும் தண்ணீர் இல்லாத மீன்தொட்டியும் ஒன்றுதான். சரியான விளக்கைப் பொருத்தி, கூண்டின் வெப்பத்தை அளந்து காட்டாதவருக்குத் தாடி ஓணானை விற்கவே கூடாது. இதைக் கடைக்காரரின் மனசாட்சிக்கு விட்டுவிட முடியாது. சட்டமே சொல்ல வேண்டும்.

'பியர்டட் டிராகன்' என்ற பெயரில் விற்கப்படும் இந்தப் பல்லியினத்தை அறிவியல் உலகுக்கு 1926-இல் விவரித்தவர் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஆல். இன்றைய அறிவியல் பெயர் 'போகோனா விட்டிசெப்ஸ்'. நம் ஊர் வேலிகளில் தலையாட்டிக்கொண்டு நிற்கும் ஓணானும் இதுவும் 'அகாமிடே' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோபம் வந்தால் தொண்டைத் தோலை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும்; தாடி என்பது அதுதான். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். புதர்க்காடும் பட்டுப்போன மரக்கிளைகளும் பண்ணைகளின் வேலிக் கம்பங்களும் அதன் இருப்பிடம்.

தன் நாட்டு உயிரினங்களைச் செல்லப்பிராணி வியாபாரத்துக்காக உயிரோடு வெளியே அனுப்ப ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் அதிகமாக வளர்க்கப்படும் பல்லியினங்களில் இது ஒன்றாகிவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு முன் கள்ளத்தனமாகக் கொண்டுபோகப்பட்டவற்றின் வாரிசுகள்தான் அங்கே இருப்பவை. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து மனிதர்களிடம் நன்றாகப் பழகிவிட்டன. தோளில் ஏறி உட்காரும். கையில் நீட்டினால் வாங்கித் தின்னும். மாறியது சுபாவம் மட்டும்தான். உடம்பு இன்னும் அந்த வறண்ட நிலத்து வெயிலைத்தான் கேட்கிறது.

அந்த உடம்பு ஒரு நாளை எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். விடியும் நேரத்தில் அதன் முதுகு கருத்திருக்கும். உயரமான ஒரு கிளைக்கு ஏறி, விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தட்டையாக்கி, முதுகை வெயில் பக்கம் சாய்க்கும். கருத்த முதுகு வெப்பத்தை வேகமாக உள்வாங்கும். உடம்பு சூடாக ஆக முதுகு வெளுத்துக்கொண்டே வரும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டெவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிறமாற்றத்தைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது: முதுகு வெப்பத்துக்காக நிறம் மாறுகிறது, தாடி மற்ற ஓணான்களுக்குச் சைகை காட்டுவதற்காக மாறுகிறது. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்த பிறகுதான் இரை தேடும் சுறுசுறுப்பு வரும். அதற்கு மேல் ஏறினால் வாயைத் திறந்து சூட்டை வெளியேற்றும். அப்படியும் தணியாவிட்டால் நிழலுக்கு இறங்கிவிடும்.

மனித உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஓணானால் அது முடியாது. வெளியிலிருந்து சூடு கிடைக்கவில்லை என்றால் தின்ற புழு குடலில் செரிக்காமல் கிடக்கும். நோயை எதிர்க்கும் சக்தியும் அந்தச் சூட்டைத்தான் நம்பியிருக்கிறது. 1975-இல் அமெரிக்க ஆய்வாளர் மேத்யூ குளூகரும் சகாக்களும் பாலைவன இகுவானா என்ற வேறொரு பல்லியினத்துக்குக் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். கூடுதல் சூட்டில் வைக்கப்பட்டவை அதிகமாகப் பிழைத்தன. குறைந்த சூட்டில் இருந்தவை அதிகமாகச் செத்தன. நோய் வந்தால் பல்லியினங்கள் வெயிலைத் தேடிப் போய் காய்ச்சலை வரவழைத்துக்கொள்கின்றன. குளிர்ந்த கூண்டுக்குள் அடைபட்ட பிராணிக்கு அந்த வழியும் கிடையாது.

தாடி ஓணானிடம் வெப்பத்தின் பிடி இன்னும் ஆழமானது. கான்பெரா பல்கலைக்கழகத்தின் கிளேர் ஹாலெலி குழுவினர் 2015-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, குரோமோசோம்களின்படி ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சுகள், முட்டைகள் சுமார் 32 டிகிரிக்கு மேல் சூட்டில் இருந்தால் பெண்ணாகப் பிறக்கலாம். இது ஆய்வகத்தில் மட்டும் நடப்பதில்லை. அப்படிப் பாலினம் மாறிய பெண் ஓணான்களை ஆஸ்திரேலியக் காட்டிலேயே கண்டுபிடித்தார்கள். பாலினத்தையே வெப்பம் தீர்மானிக்கும் ஓர் உயிரை, ஏதோ ஒரு பல்பின் அடியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

வெப்பத்தைப் பற்றியாவது ஓரளவு பேச்சு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பற்றி அதுவும் இல்லை.

சூரிய ஒளியில் உள்ள 'பி' வகைப் புற ஊதாக் கதிர்களில், ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டவை தோலில் பட்டதும் அங்கே இருக்கும் ஒரு மூலப்பொருள் வைட்டமின் டி3-க்கு முந்தைய வடிவமாக மாறுகிறது. அந்த வடிவம் உடம்பின் சூட்டில் மெல்ல மெல்ல டி3 ஆகிறது. பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். இத்தனையும் நடந்தால்தான் தின்னும் தீனியிலிருந்து குடல் கால்சியத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளும். இந்த வரிசையில் ஒளியும் வெப்பமும் அடுத்தடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். புற ஊதா விளக்கு இருந்தும் உடம்பு குளிர்ந்திருந்தால் வேலை தேங்கும். சூடு இருந்தும் புற ஊதாக் கதிர் இல்லையென்றால் வேலை தொடங்கவே தொடங்காது.

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் கால்சியம் வேண்டும். எனவே பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி ஹார்மோனைச் சுரக்கின்றன. எலும்பு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சந்தேகம் வரும்போது கால்நடை மருத்துவர் கீழ்த்தாடையை இரண்டு விரல்களால் பிடித்து மெதுவாக அழுத்திப் பார்ப்பார். நோயில்லாத தாடை அசையாது. நோய் முற்றியது விரலுக்கு வளைந்துகொடுக்கும். 'ரப்பர் தாடை' என்றே அதற்குப் பெயர். கால்விரல்கள் துடிக்கும், பின்னங்கால்கள் இழுபடும், முதுகெலும்பு கோணிப்போகும். கிளையிலிருந்து இறங்கும்போதே எலும்பு முறிந்துவிடலாம். ஊசியாலும் மருந்தாலும் நோயை நிறுத்தலாம். வளைந்துபோன எலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை.

"டி3 கலந்த கால்சியம் பொடியைத் தீனியில் தூவினால் போதுமே, விளக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ப்பவர்களில் கணிசமானவர்கள் இதை நம்புகிறார்கள். நெதர்லாந்தில் டென்னிஸ் ஓனிங்ஸ் குழுவினர் குஞ்சுகளை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கே பதில் தேடியது. சிலவற்றுக்கு வாய்வழியாக டி3 தந்தார்கள். சிலவற்றைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தார்கள். உடம்பில் டி3 எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் இரத்த அளவு, விளக்கொளி பெற்ற குஞ்சுகளில் 18 மடங்கு கூடுதலாக இருந்தது. பொடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அளவுக்கு மீறித் தூவினால் டி3 நஞ்சாகி, மெல்லிய உறுப்புகளில் கால்சியம் படியும். ஒளியால் தோலில் உருவாகும்போது, மிகுதியானது அதே ஒளியாலேயே வேறு தீங்கற்ற பொருட்களாகச் சிதைந்துவிடும். பொடி வேண்டாம் என்பதில்லை. கால்சியம் பொடி அவசியம். விளக்குக்கு மாற்றாக அது ஆகாது.

எவ்வளவு புற ஊதா வேண்டும் என்பதில் இன்று குழப்பத்துக்கு இடமில்லை. டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபெர்குசனும் சகாக்களும் பல்லிகளும் பாம்புகளும் காட்டில் எந்த அளவு கதிரில் உலவுகின்றன என்று களத்தில் அளந்து, 2010-இல் நான்கு மண்டலங்களாக வகுத்தார்கள். பிரிட்டனின் கால்நடை மருத்துவர் ஃபிரான்சிஸ் பெய்ன்ஸும் சகாக்களும் 2016-இல் அந்த வகைப்பாட்டை நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு விரிவாக்கினார்கள். தாடி ஓணான் மூன்றாவது மண்டலம்: திறந்த வெயிலிலும் பாதி வெயிலிலும் குளிர்காயும் வகை. வானிலை அறிக்கையில் சொல்லப்படும் அதே புற ஊதாக் குறியீட்டுக் கணக்கில், அது குளிர்காயும் இடத்தில் உச்ச அளவு ஏறத்தாழ 3 முதல் 7-க்குள் இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் முதுகின் உயரத்தில் 4 அல்லது 5 கிடைக்கும்படி விளக்கைப் பொருத்துகிறார்கள். இதை அளக்கக் கையடக்கக் கருவியே இருக்கிறது.

இனி, ஒரு நல்ல கூண்டு. வளர்ந்த ஓணான் ஒன்றுக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்பது குறைந்தபட்ச அளவாக இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. இந்த நீளம் எதற்கு என்றால், ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருப்பதற்கு. சின்னத் தொட்டியில் எந்த விளக்கைப் போட்டாலும் முழுத் தொட்டியும் ஒரே சூடாகிவிடும். பிராணி விலகிப்போக இடம் இருக்காது. சூடான முனையில் அகலமான ஒரு தட்டைக் கல்லோ தடித்த கிளையோ வைத்து, அதற்கு மேலே விளக்கு. கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி. மறுமுனையில் காற்றின் வெப்பம் 24-ஐ ஒட்டி. இரவில் 18, 20 டிகிரி வரை இறங்கினாலும் நல்ல ஆரோக்கியமுள்ள ஓணானுக்குப் பாதகமில்லை.

வெப்பத்துக்கு ஆலஜன் விளக்கு நல்ல தேர்வு. வெளிச்சத்தோடு சேர்த்து அது தரும் குறுகிய அலை அகச்சிவப்புக் கதிர் சூரியனுடையதைப் போலத் தோலைக் கடந்து தசைக்குள் இறங்கும். பீங்கான் வெப்பக் குமிழிலிருந்து வருவது நீண்ட அலை. அது மேல்தோலோடு நின்றுவிடும். குளிர்ந்த இரவுகளில் அறையைக் கதகதப்பாக வைக்கப் பீங்கான் குமிழ் போதும். பகல் வெயிலுக்கு அது ஈடாகாது. ஆலஜனிலும் ஒளியைப் பரப்பி வீசும் வகையே வேண்டும். குறுகிய கற்றை முதுகெலும்பின் ஒரு புள்ளியைச் சுட்டுக்கொண்டிருக்க, வாலும் கால்களும் சில்லென்று கிடக்கும். சூடு போதாமல் ஓணான் அங்கேயே மணிக்கணக்கில் படுத்திருக்கும். தீக்காயம் ஏற்படுவது இப்படித்தான். விளக்கின் சூட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் 'டிம்மர்' வகைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த வெப்ப விளக்கையும் ஓட்டக் கூடாது. அது பிராணியை மட்டுமல்ல, வீட்டையும் தீ விபத்திலிருந்து காக்கும்.

புற ஊதாவுக்கு 'டி-5' வகைக் குழல்விளக்கு, 10 அல்லது 12 சதவீதம் என்று குறிக்கப்பட்டது. கூண்டின் நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நீண்டிருக்க வேண்டும். சூடான முனையிலிருந்தே அது தொடங்க வேண்டும். பலர் தவறும் இடம் இதுதான். சூரியனிடமிருந்து வெப்பமும் ஒளியும் புற ஊதாவும் ஒரே திசையில் சேர்ந்தே வருகின்றன. வெப்ப விளக்கை ஒரு மூலையிலும் புற ஊதா விளக்கை எதிர்மூலையிலும் மாட்டினால், ஓணான் குளிர்காயும் நேரமெல்லாம் புற ஊதா இல்லாமல் இருக்கும். இரண்டும் மேலிருந்தே வர வேண்டும். கண்ணுக்கு மேலுள்ள புருவ மேடு மேலிருந்து வரும் ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும். பக்கவாட்டில் மாட்டிய விளக்கிலிருந்து அதனால் காக்க முடியாது.

தூரமும் இடையில் இருப்பதும் கணக்கையே மாற்றிவிடும். கண்ணாடியும் சாதாரணப் பிளாஸ்டிக் மூடியும் 'பி' வகைக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். கூண்டின் மேலுள்ள கம்பிவலை, அதன் நெருக்கத்தைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ விழுங்கும். பின்புறம் ஒளிதிருப்பி இல்லாத குழல் தன் கதிரில் பெரும் பகுதியை மேல்பக்கம் வீணாக்கும். கூண்டுக்குள் வலையில்லாமல் மாட்டினால் முதுகுக்கும் குழலுக்கும் இடையே ஒன்றரை அடி, வலைக்கு மேல் வைத்தால் ஓர் அடியை ஒட்டி என்பது பொதுவான தொடக்க அளவு. குழல் தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பழைய குழல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். புற ஊதா மட்டும் மெல்லக் குறைந்துபோயிருக்கும். 'டி-5' குழலைப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். பொருத்திய தேதியைக் குழலின் முனையில் பேனாவால் எழுதி வைப்பது வளர்ப்பவர்களிடம் உள்ள நல்ல பழக்கம்.

இத்தனையும் இன்று தெரிந்த விஷயங்கள். இருந்தும் பல நாடுகளில் 'தொடக்கக்காரர் தொகுப்பு' என்று அட்டைப்பெட்டியில் கட்டி விற்கப்படுவதில் என்ன இருக்கிறது? குறுகலான கண்ணாடித் தொட்டி, சுருள் வடிவச் சிறு புற ஊதா பல்பு, பக்கச்சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி, சில சமயம் ஒரு சிவப்பு பல்பு, உள்ளே மின்கம்பி ஓடும் ஒரு 'சூடான கல்'. ஒவ்வொன்றும் ஒரு பிரச்சினை. சுருள் பல்பின் கதிர் நேர் கீழே சிறு வட்டத்தில் விழுந்து முடிந்துவிடும்; ஓணானின் முழு உடம்பையும் அது நனைக்காது. தொடக்க காலத்தில் வந்த சில சுருள் பல்புகள் இயற்கை வெயிலில் இல்லாத மிகக் குறுகிய அலைக் கதிரை வீசி, பிராணிகளின் கண்களைப் புண்ணாக்கின; பெய்ன்ஸ் அளந்து வெளிக்கொண்டுவந்த விவகாரம் அது. சுவரில் ஒட்டிய வெப்பமானி கண்ணாடியின் சூட்டைச் சொல்லும், ஓணான் படுத்திருக்கும் கல்லின் சூட்டைச் சொல்லாது. அதை அளக்க அகச்சிவப்பு வெப்பமானியும், இரு முனைகளிலும் கம்பி நுனியுள்ள டிஜிட்டல் வெப்பமானியும் வேண்டும். சூடான கல்லோ எல்லாவற்றிலும் மோசம். மேலிருந்து வரும் சூட்டை அறிந்து விலகப் பழகிய இந்தப் பிராணி, வயிற்றுக்கு அடியில் சுடுவதை உணர்ந்து எழுந்து ஓடுவதில்லை. வயிறு வெந்த பிறகே வளர்ப்பவருக்குத் தெரியும்.

சிவப்பு பல்பின் கதை தனி. 'இரவில் ஊர்வனவற்றின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி தெரியாது' என்று சொல்லி விற்கிறார்கள். பகலில் உலவும் இத்தகைய பல்லியினங்களுக்கு நிறமறியும் கூம்புச் செல்கள் மனிதரைவிட ஒரு வகை கூடுதல். சிவப்பும் தெரியும், மனிதருக்குத் தெரியாத புற ஊதாவும் தெரியும். போதாததற்குத் தலை உச்சியில் ஒளியை உணரும் மூன்றாவது கண் ஒன்றும் இருக்கிறது. ஃபிராங்ஃபர்ட்டின் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜில் லோராங் குழுவினர் தாடி ஓணானின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2016-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஆழ்ந்த உறக்கமும், மனிதர்கள் கனவு காணும்போது வருவது போன்ற விழியசைவு உறக்கமும் இதற்கும் உண்டு. இரண்டும் சேர்ந்த ஒரு சுற்று சுமார் 80 விநாடி. இரவு முழுக்க அது மாறி மாறி நூற்றுக்கணக்கான முறை ஓடுகிறது. இப்படி உறங்கும் உயிருக்கு இரவு என்றால் முழு இருட்டுதான். விளக்குகளைக் காலையில் போட்டு, 12 மணி நேரம் கழித்துத் தானே அணைக்கும் ஒரு 'டைமர்' இந்தப் பிரச்சினையை முடித்துவிடும்.

தமிழ்நாட்டிலும் கவர்ச்சியான அயல்நாட்டுப் பிராணிகள் மீது ஆசை பெருகியிருக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் உயிருள்ள பல்லிகளும் பாம்புகளும் ஆமைகளும் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படி வாங்குபவர்கள் சட்டத்தை மீறுவதோடு நிற்பதில்லை. கடத்தி வரப்பட்ட பிராணியை விற்பவரிடம் போய் விளக்கைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. "நம்ம ஊர் வெயிலுக்கு விளக்கே வேண்டாம்" என்பதுதான் கிடைக்கும் ஆலோசனை.

அந்த ஆலோசனை முழுத் தவறு. அறைக்குள் 35 டிகிரி புழுக்கம் இருக்கலாம். அதில் ஒரு துளி புற ஊதாவும் இல்லை. சன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் வெளிச்சமும் சூடும் வரும், 'பி' வகைக் கதிர் வராது. சன்னலோரம் வைத்த கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களில் கொதித்து உள்ளே இருப்பதைக் கொன்றுவிடக்கூடும். சித்திரை வெயிலில் பிரச்சினை சூடு போதாமை இல்லை. ஒதுங்கக் குளிர்ந்த மூலை இல்லாமைதான். கடலோர ஊர்களின் ஈரக்காற்று வேறு, வறண்ட நிலத்து உயிரின் நுரையீரலுக்கு ஒத்துவராது. வெப்பமான ஊரில் வேலை கூடுமே தவிரக் குறையாது.

செலவை முன்வைக்கும் வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். விளக்குகள், ஒளிதிருப்பி, தெர்மோஸ்டாட், வெப்பமானிகள் எல்லாம் சேர்த்தால் பல நாடுகளில் ஓணானின் விலையையே தாண்டிவிடும். இதைக் கட்டாயமாக்கினால் சாதாரணக் குடும்பங்கள் வளர்க்க முடியாது என்கிறார்கள் கடைக்காரர்கள். அவர்கள் சொல்வது சரி. அப்படித்தான் ஆக வேண்டும். நன்றாக வளர்த்தால் பத்து வருடம் வாழும் உயிர் அது. அதன் உண்மையான செலவு முதல் நாளே கண்ணில் பட்டால், பிறந்தநாள் பரிசாக அவசரத்தில் வாங்குபவர்கள் குறைவார்கள். இப்போது அந்தச் செலவு மறைக்கப்பட்டு, ஓணானின் எலும்பிலிருந்து வசூலிக்கப்படுகிறது.

பிற நாடுகளில் பாதி வழி வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தாடி ஓணான் வளர்க்க உரிமம் வேண்டும். ஜெர்மனியில் ஊர்வனவற்றை வைத்திருப்பதற்கான குறைந்தபட்சத் தேவைகள் குறித்த நிபுணர் அறிக்கை 1997-லேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2018-இல் வந்த விதிகளின்படி, செல்லப்பிராணி விற்பவர் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். வாங்குபவருக்குப் பராமரிப்பு விவரங்களையும் தர வேண்டும். ஆனால் ஒரு துண்டுத்தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது எளிது. வீட்டில் அந்த விளக்கு எரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்தியாவிலும் அதே 2018-இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கென விதிகள் வந்தன. அவை நாய், பூனை, முயல், வெள்ளெலி, கூண்டுப் பறவைகள் என்று பெயர் சொல்கின்றன. ஊர்வனவற்றைப் பெயர் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, விற்பனைக்கு முன் நிரூபணம். கூண்டைத் தயார்செய்து, விளக்குகளை இரண்டு நாள் ஓட்டி, குளிர்காயும் கல், குளிர்ந்த மூலை ஆகிய இரண்டின் வெப்பத்தையும் படமெடுத்துக் காட்டுபவருக்கே ஓணானைத் தர வேண்டும். கைப்பேசி இருக்கும் காலத்தில் இது பெரிய சுமையில்லை. பொறுப்பான இனப்பெருக்காளர்கள் சிலர் தாங்களாகவே இப்படித்தான் கேட்கிறார்கள். இரண்டாவது, விளக்குப் பெட்டியின் மேல் உண்மை. சதவீதம் என்ற எண் குழலைப் பற்றிச் சொல்லுமே தவிர, பிராணிக்குக் கிடைப்பதைச் சொல்லாது. ஓர் அடியில், ஒன்றரை அடியில், வலையோடு, வலையில்லாமல் புற ஊதாக் குறியீடு எவ்வளவு, எத்தனை மாதத்தில் மாற்ற வேண்டும் என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். மூன்றாவது, சூடான கற்களையும், 'ஊர்வனவற்றுக்கான இரவு விளக்கு' என்று விற்கப்படும் சிவப்பு பல்புகளையும் கடையிலிருந்தே அகற்ற வேண்டும். இந்தியாவில் இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2018 விதிகளில் ஊர்வனவற்றைச் சேர்த்து, ஒளிக்கும் வெப்பத்துக்கும் எண்களோடு ஓர் அட்டவணை இணைத்தால் போதும்.

சட்டம் வரும் வரை, ஏற்கெனவே ஓணான் இருக்கும் வீடுகளில் காத்திருக்கத் தேவையில்லை. குழலை எப்போது மாற்றினோம் என்று நினைவில்லை என்றால் அதை மாற்றிவிட வேண்டும். வெப்ப விளக்கும் புற ஊதா விளக்கும் எதிரெதிர் மூலைகளில் இருந்தால் ஒரே பக்கம் கொண்டுவர வேண்டும். கல்லின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அளந்து பார்க்க வேண்டும். கால்விரலில் துடிப்போ நடையில் தள்ளாட்டமோ தெரிந்தால், அடுத்த வாரம் வரை பொறுக்காமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும். எந்த விளக்கு, எத்தனை அடி தூரத்தில், எவ்வளவு காலமாக எரிகிறது என்ற விவரத்தையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்.